ஏழாம் நம்பர் கட்டில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், உன் முட்டிவலி எப்படி இருக்கு? பெரியவள் கணக்கில் நூற்றுக்கு நூறு, பேரனுக்கு ஓட்டத்தில் கோப்பை, கடைக்குட்டி தன் பேரைத் தானே எழுதுகிறாள் என்று நான் வேலை பார்க்கும் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பயப்படாமல் படி. இங்கே இப்போது நோயாளி நெஞ்சில் நாடி பார்க்கும் ஒரு வில்லையை ஒட்டுகிறார்கள். நாடி இறங்கினால் நர்ஸ் மேசையில் கட்டில் நம்பரைச் சொல்லி மணி அடிக்கும். நேற்று ஏழாம் கட்டில் பாட்டி ஏசி குளிர் தாங்கலையே என்று அழுதார்கள். நான் யாரையும் கேட்காமல் மூன்றாம் கட்டில்காரரோடு இடம் மாற்றிவிட்டேன். வில்லையில் பதிந்த நம்பர் மாறவில்லை.

மத்தியானம் ஏழாம் கட்டில் என்று மணி அடித்தது. நர்ஸ் ஓடிப் பார்த்தால் அங்கே இருந்தவர் டீ குடிக்கிறார்.

"இந்த மிஷினுக்கு வேற வேலையே இல்ல, காலையிலேர்ந்து இருபது தடவை கத்திடுச்சு" என்று மணியை நிறுத்திவிட்டாள்.

 சொன்னால் வேலை போகும்.

"சிஸ்டர், அந்தப் பாட்டி மூணாவது கட்டில்ல! நான்தான் மாத்தினேன்!" என்று கத்தினேன்.

நர்ஸ் அங்கே ஓடியதால் பாட்டி பிழைத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கண் திறந்ததும், "உன் முதல் மார்க் பேத்தியைக் காட்டுடி" என்றார்கள். என் பையிலிருந்த பிள்ளைகள் படத்தில் கைகழுவும் மருந்து பட்டு முகமெல்லாம் அழிந்திருக்கிறது.

நாளைக்குப் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஒன்றும் ஆகாது. மூன்று பேரையும் சேர்த்து நிற்கவைத்து ஒரு புது போட்டோ எடுத்துத் தபாலில் போடு. இந்தத் தடவை ஆஸ்பத்திரி விலாசம் வேண்டாம், நான் தங்கியிருக்கும் ரூமுக்கே போடு.