பரீட்சை உன்னுடையது, பெயர் என்னுடையது

ஆபீசுக்குப் புதிதாக ஓர் ஆள் வரப்போகிறார் என்று என் டிராயரை ஒழித்தபோது அந்தப் பழைய இயர்போன் அகப்பட்டது. நீ மாட்டிக்கொள்ளும் பக்கத்தில் இன்னும் பஞ்சுத் தூசி. படிக்க நீ இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

வேடசந்தூர் மில் பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட் நம்முடையது. ஒரு காது எனக்கு, ஒரு காது உனக்கு. என் போனில் அந்த இலவசக் கம்ப்யூட்டர் கோர்ஸ். 'யாரும் படிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்' என்று போட்டிருந்தது. "எப்ப வேணாலும்னா எப்ப புள்ள? அதையும் அவிங்களே சொல்லிட்டா தேவல" என்று சிரித்தாய்.

உனக்கு அது விளையாட்டில்லை. பஞ்சுத் தூசி உன் நெஞ்சில் இறங்கியிருந்தது. மில்லை விட்டால்தான் மூச்சு சீராகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வேலைக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும். எனக்கோ மில் சலித்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மில்லில் ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனால் பக்கத்திலிருப்பவள் அவள் மிஷினையும் சேர்த்துப் பார்ப்பாள். அறுந்த நூலை யார் ஒட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதே பழக்கத்தில் கோர்ஸையும் என் பெயரில் சேர்ந்தே படித்தோம். ஷிப்ட் மாறும் வாரங்களில் போனை உன்னிடம் விட்டுப் போவேன். பாதிக்கு மேல் பாடங்களை நீதான் முடித்தாய். கடைசிப் பரீட்சையின்போது நான் உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தேன். "ஏ புள்ள, எந்திரி, பாஸாயிட்டோம்!" என்று உலுக்கினாய்.

சர்டிபிகேட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. உன் முகம் செத்துப்போனது. பிறகு நீயே தேறி, "மொதல்ல நீ வெளிய போ. அங்கன எனக்கும் ஒரு எடம் கேளு. நான் என் பேர்ல திரும்பப் படிச்சுக்கிறேன்" என்றாய்.

திண்டுக்கல்லில் இந்தப் பார்சல் லாரி ஆபீசுக்கு வந்தேன். உனக்காகக் கேட்டேனா? இல்லை. போனில் இருமலுக்கு நடுவே "கேட்டியாடி?" என்பாய். "செத்த பொறு, மொதலாளி நல்ல மூடுல இருக்கட்டும்" என்பேன். பொய். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், வேலை உண்மையில் யாருக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும். அந்த வெட்கங்கெட்ட பயம்தான்.

இரண்டாவது முறை நீ ஏழாவது பாடத்தோடு நின்றுபோனாய். ஆஸ்பத்திரியிலும் போனைக் கீழே வைக்கவில்லையாம், உன் அம்மா சொல்லி அழுதார். உன் சாவுக்கு மாலையோடு வந்த சூப்பர்வைசர், "மாஸ்க் போடச் சொன்னோம், கேக்கல" என்றார். ஓங்கி அறையலாம் போல இருந்தது. எனக்கு என்ன யோக்கியதை?

இன்று காலை முதலாளி கூப்பிட்டார். "இன்னொரு ஆள் வேணும்மா. உன்னைய மாதிரி நெட்ல தானா படிச்ச பொண்ணு யாராச்சும் இருக்கா?"

ஒரு வருஷமாக நான் வாய் திறக்காத விஷயம், அவராகவே கேட்கிறார். 'ஒருத்தி இருந்தா சார், என் சர்டிபிகேட்டே அவளோடதுதான்' என்பது தொண்டை வரை வந்தது.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

அன்று சர்டிபிகேட்டில் விடுபட்ட உன் பெயரை, இன்று நானே விழுங்கிவிட்டேன்.