இடது வரிசைக் கோழிகளுக்கும் கொஞ்சம் பிசின்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, கொட்டகையில் இருக்கும் நானூறு கோழிகள் எல்லோரும் சுகம். போனில் நீ சொல்கிற "ம், இருக்கேம்மா"வை வைத்து உன் சுகத்தை என்னால் எடைபோட முடியவில்லை, நாலு வரியாவது எழுது. இருமல் விட்டதா? வெந்நீரை ஆறப்போட்டு மறந்துவிடாதே, சூடாகக் குடி.

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் அப்பா உன்னிடம், "நீ சொன்ன தேனீச் சமாச்சாரம் ஒண்ணும் எடுபடல, வீண் வேலை" என்றாரே, நீயும் "சரிப்பா" என்று வைத்துவிட்டாயே. அதில் தப்பு உன்மேல் இல்லை, அப்பாமேலும் இல்லை, என்மேல்தான். வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றது உனக்குத் தெரியும். தீவனத்தைத் தொடவில்லை, முட்டை பாதியானது, இட்ட முட்டையும் ஓடு மெலிந்து கை பட்டாலே விரிசல் விட்டது. விசிறி வைத்தோம், கூரையில் தண்ணீர் தெளித்தோம், கொஞ்சம்தான் தேறின. மொத்தமாகத் தள்ளிவிடலாம் என்று அப்பா கறிக்கடைக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். அப்போதுதான் நீ சொன்னாய், தேனீக்கள் கூட்டின் சந்துபொந்துகளை அடைக்கிற பிசினையும் மகரந்தத்தையும் தீவனத்தில் கொஞ்சம் கலந்து பாருங்கள், வெக்கையைத் தாங்க உதவலாம் என்று. நீ பூச்சிப் படிப்புக்குப் போனதே அப்பாவுக்குச் செரிக்கவில்லை, "இவ்வளவு படிச்சும் ஈ ஓட்டுறா" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னவர்தானே. ஆனாலும், "சரி, முறையாப் பார்த்துடுவோம். வலது வரிசைக்கு அவ சொன்னது, இடது வரிசைக்கு வெறும் தீவனம்" என்றார். மரப்பட்டறைக்குப் பின்னால் தேன்பெட்டி வைத்திருக்கும் தச்சர், சுரண்டி எறிகிற பிசின்தானே என்று ஒரு டப்பா நிறையக் கொடுத்தார், மகரந்தமும் தந்தார். பிசினை ஃபிரிட்ஜில் கல்லாக உறையவிட்டுப் பொடியாக அரைத்தேன். மிக்ஸி இன்னும் பிசுபிசுக்கிறது, போகட்டும்.

அங்கேதான் நான் கெட்டேன். தினமும் தீவனம் போடுகிறவள் நான். வலது வரிசை மொய்த்துத் தின்கிறது, இடது வரிசை கம்பிவலை வழியாகக் கழுத்தை நீட்டி என்னையே பார்க்கிறது. ஒரே பந்தியில் உட்காரவைத்து ஆளுக்கொரு மாதிரி பரிமாறலாமா, நீயே சொல். மூன்றாம் நாளே இடது பக்கமும் ஒரு கரண்டி கலந்துவிட்டேன், அப்புறம் தினமும். மூன்று வாரத்தில் இரண்டு வரிசையும் தேறிவிட்டன. அப்பா நோட்டைப் பார்த்து, "போட்டதும் தேறிச்சு, போடாததும் தேறிச்சு, அப்போ பொடிக்கு என்ன பெருமை?" என்று சொல்லி அதே கையோடு உனக்குப் போன் போட்டுவிட்டார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு நான் ஊமையாக இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "புள்ளகிட்ட நான் என்ன பேசிட்டேன்" என்றார், அவ்வளவுதான். அன்றே கொட்டகைக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். வலது பக்கம் பொடி, இடது பக்கம் வெறும் தீவனம் என்று முதலிலிருந்து ஆரம்பித்து அவரே போட்டார். வெயிலும் விட்டபாடில்லை. இரண்டு வாரத்தில் இடது வரிசையில் முட்டை இறங்கிக்கொண்டே வந்தது, வலது வரிசையில் குறையவே இல்லை. மூன்று வாரம் பார்ப்பேன் என்றவர் பதினாறாம் நாளே இடது பக்கமும் பொடியைக் கலந்துவிட்டு வந்து, "போதும், தெரிஞ்சுபோச்சு" என்றார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. கறிக்கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. நீ சொன்ன மாதிரியே தண்ணீரும் காற்றும் முதலில், பொடி அதற்கு அப்புறம்தான் என்று நடத்துகிறோம். தச்சருக்கு ஒரு கூடை முட்டை கொண்டுபோனேன், அவர் வேண்டவே வேண்டாம் என்றார், அவர் மனைவி வாங்கிக்கொண்டார். உனக்கு நான் எதைக் கொடுப்பது? என் பேச்சை அங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்று நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொன்னாயே, அதற்கு நான் உனக்குக் கடன்பட்டவள்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. ஞாயிற்றுக்கிழமை காலை எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே. அப்பா உன்னிடம் கேட்க ஒரு தாளில் பதினோரு கேள்வி எழுதி வைத்திருக்கிறார், குஞ்சுகளுக்கு எத்தனை கரண்டி, மகரந்தம் எத்தனை நாள் கெடாது என்றெல்லாம். நாலு நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். உனக்குப் புத்தி சொல்லித்தான் அவருக்குப் பழக்கம், உன்னிடம் கேட்டுப் பழக்கமில்லை. நானே நம்பரைப் போட்டு அவர் கையில் திணித்துவிடுகிறேன். நிதானமாகப் பதில் சொல். நடுவில் சத்தம் நின்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, எழுதிக்கொண்டிருப்பார்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா