மெக்சிக்கோக்காரர் என்று எழுதியிருந்த அட்டை

என்ர அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உங்கள் பெயருக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் நின்றுவிட்டன. அம்மா முழங்கால் வலிக்கு டொக்டரிடம் டெர்மின் எடுத்து நாள் குறிக்கிறார். அந்த நாள் வந்ததும் வலி இல்லை என்கிறார். நான் இன்னும் பீலெஃபெல்டில் அதே நூலகத்தில்தான் வேலை செய்கிறேன்.

நம் வீட்டு விஷயங்களை வெளியே சொல்பவள் நானல்ல என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். ஒளித்து வைப்பதை நம் வீடு போதுமான காலம் செய்துவிட்டது.

வசந்தகாலத்தில் நூலகத்துக்கு ஒரு கட்டு விளம்பரத் தாள்கள் வந்தன. ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு கௌபோய் அருங்காட்சியகம். முன்பு அங்கே குதிரைச் சாகசக் காட்சி நடந்ததாம். இப்போது பழைய லாயத்தை அருங்காட்சியகமாக்கி, ‘மேற்கு எல்லோருடையது’ என்று ஒரு புதிய பகுதி திறந்திருக்கிறார்கள். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். உள்பக்கத்தில் ஒரு சிறிய படம். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி ஓர் இளைஞர், தொப்பி கழுத்துக்குப் பின்னால் தொங்குகிறது. இடது புருவத்தில் ஒரு வெட்டு.

அந்த முகம் நம் வீட்டுச் சுவரில் நீலக் கோட்டும் டையும் போட்டுத் தொங்குகிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக ஸ்டூடியோக்காரர் செய்து தந்த படம். “என்ன கலர் கோட் போடுவம் அக்கா?” என்று அவர் கேட்டதும், அம்மா நீலம் என்றதும் நினைவிருக்கிறது. அந்த முகத்தை எந்தப் படத்திலிருந்து எடுத்தார்கள்? அம்மா அதை ஒட்டிய கவரில் வைத்துத்தான் கொடுத்தார். பழைய பாஸ்போட் படம் என்றார். பாஸ்போட் படத்தில் யாராவது அப்படிச் சிரிப்பார்களா?

தாளை அம்மாவிடம் காட்டினேன்.

“இது ஆரம்மா?”

“எனக்கென்ன தெரியும்? ஆரோ சினிமாக்காரன்.”

“அப்பா மாதிரிக் கிடக்கு.”

“கறுத்த ஆக்களெல்லாம் உனக்கு அப்பாவோ? விசர்க் கதை கதையாதை.”

கண்ணாடி போடாமல் சொன்னார். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்குத் தயிர்ப் பெட்டியின் பெயர்கூடத் தெரியாது.

அன்றிலிருந்து உங்கள் மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஜெர்மனியில் உங்கள் முதல் வேலை உருளைக்கிழங்குக் கிட்டங்கியில் என்று எத்தனை பிறந்தநாள் விழாக்களில் சொல்லியிருப்பீர்கள்? நான் சிறுமியாக இருந்தபோது, சந்தைத் திடலில் மட்டக்குதிரையில் ஏற்றச் சொல்லி அழுத என்னைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தீர்களே, அது எதற்காக? அங்கே நின்ற யாராவது உங்களை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்றா?

ஒரு சனிக்கிழமை தனியாகப் போனேன். யாரென்று சொல்லவில்லை. டிக்கெட் எடுத்து, ஒரு விளக்க அட்டை விடாமல் வாசித்தேன். மெக்சிக்கோவின் மாட்டுக்காரர்களிடமிருந்துதான் கௌபோய்கள் கயிறு வீசக் கற்றார்கள் என்று இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மேய்ப்பர்களைப் பற்றி ஒரு சுவர் முழுவதும் இருந்தது. எந்தப் பழங்குடிகளின் நிலத்தில் அந்த மாடுகள் மேய்ந்தன என்றும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். நான் படித்தவரையில் எல்லாம் சரி. சரியாக இருக்க இருக்க எனக்குச் சந்தேகம் கூடியது. கடலுக்கு அப்பால் வாழ்ந்த மனிதர்களைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்தவர்கள், தங்கள் சொந்த லாயத்தில் நின்றவரின் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? ‘பெயர் அறியப்படாத குதிரைப் பராமரிப்பாளர், மெக்சிக்கோ வம்சாவளி.’

பொறுப்பாளர் நரைத்த பின்னல் போட்ட ஒரு பெண்மணி. மெக்சிக்கோ என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“படத்தின் பின்பக்கத்தில் பழைய முதலாளி எழுதி வைத்திருந்தார். காட்சியிலும் அப்படித்தான் அறிமுகப்படுத்துவாராம். அவர் இறந்துவிட்டார். ஏன், உங்களுக்கு இவரைத் தெரியுமா?”

கேள்வி வேகமாக வந்தது. “இல்லை” என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் மகள்தானே.

அடுத்த சனிக்கிழமை அம்மாவிடம், “நான் அங்க திரும்பப் போறன். வந்தால் வாங்கோ” என்றேன். புறப்படும் நேரம் அம்மா கண்ணாடியும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

அம்மா உங்கள் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார், அப்பா. கண்ணாடிச் சட்டத்தில் அவர் கை வைத்தது உங்கள் முகத்தில் இல்லை, குதிரையின் கழுத்தில். பொறுப்பாளர் வந்து, இவரைத் தெரியுமா என்று அம்மாவிடமும் கேட்டார்.

“நைன்” என்று ஜெர்மனிலேயே மறுத்தார் அம்மா. வெளியே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னார்.

“கலியாணம் பேசேக்க அனுப்பின படம் அது. கத்திரியால வெட்டி, முகத்தை மட்டுந்தான் அனுப்பினவர். குதிரை பராமரிச்சனான் எண்டு பிறகு சொன்னவர். இவ்வளவு உயரக் குதிரை எண்டு சொல்லேல்லை.”

“அதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

“அகதியெண்டு அசூல் கேட்டிருந்த ஆக்களுக்கு அப்ப வேலை செய்ய அனுமதியில்லை. அந்த மாவட்டத்தை விட்டு வெளிக்கிடவும் ஏலாது. பிடிச்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம். ஊரில, நெடுந்தீவில, குதிரையள் காடு கரம்பையெல்லாம் திரியும். அதுகளோட வளந்தவர், கையை வச்சுக்கொண்டு சும்மா இருப்பாரே?”

“இப்ப என்னத்துக்குப் பயம்? எங்களிட்ட ஜெர்மன் பாஸ்போட் எல்லோ இருக்கு.”

“தந்தவங்களுக்கு எடுக்கவும் தெரியும். நீ படிச்சுத்தான் இருக்கிறாய்.”

பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தோம்.

பழைய முதலாளி உங்களை மெக்சிக்கோக்காரர் என்று சொன்னது உங்களைக் காப்பாற்றவா, மலிவான ஆள் கிடைத்ததை மறைக்கவா? அல்லது டிக்கெட் எடுத்தவர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் பிடிக்கும் என்றா? நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்தச் சிரிப்பை வைத்து எதையும் முடிவு செய்ய என்னால் முடியவில்லை.

அம்மா சம்மதித்த பிறகு, படத்தில் இருப்பவர் என் அப்பா என்று பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது. அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பத்திரிகைக்குப் படம் எடுக்க அம்மாவும் நானும் வரமுடியுமா என்று கேட்டிருந்தார். உங்கள் படத்தைச் சுவரொட்டிகளிலும் பயன்படுத்தலாம் என்று ஓர் ஒப்புதல் படிவம். கூடவே புதிய அட்டைக்கான வாசகம்: ‘தொலைதூரத் தீவிலிருந்து வந்து எங்கள் குடும்பத்தில் ஒருவரானவர்.’

அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

“குடும்பத்தில ஒராள் எண்டால் ஏன் பேர் தெரியேல்லை?” என்று கேட்டார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாங்களே எழுதினோம். அம்மா சொல்ல, நான் ஜெர்மன் மொழியில் எழுதினேன். உங்கள் பெயர். நெடுந்தீவு. குதிரைகளோடு வளர்ந்தவர். இந்த லாயத்தில் வேலை செய்தவர். அடுத்த வரியை எழுதாமல் முதலில் அவரிடம் சொல்லிக் காட்டினேன்: ‘வேலை செய்ய அவருக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை, எனவே வேறு நாட்டுக்காரராகக் காட்டப்பட்டார்.’ அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.

“அதையும் போடு” என்றார். “அந்த மனுசன் வாழ்நாள் முழுக்கப் பயந்தது காணும்.”

போன வாரம் பதில் வந்தது. கடைசி வரி பகுதியின் தொனிக்குப் பொருந்தவில்லையாம்; வருகிறவர்கள் மனம் மகிழ்ந்து போகவேண்டும் என்று நினைக்கிறார்களாம். மிகவும் பணிவான கடிதம். நூறு வருடத்துக்கு முந்திய அநியாயத்துக்கு ஒரு சுவர் முழுவதும் இடமிருக்கிறது. உங்களுக்கு ஒரு வரிக்கு இடமில்லை.

பழைய மெக்சிக்கோ அட்டையைக் கழற்றச் சொன்னேன், கழற்றிவிட்டார்கள். ஒப்புதலில் நான் கையெழுத்திடவில்லை. இப்போது அந்தச் சுவரில் பெயரும் நாடும் இல்லாமல் நிற்கிறீர்கள். அது எனக்கு வலிக்கிறது, அப்பா. அம்மாவுக்கு இன்னும் கூட. ஆனாலும் அழகான பொய்யின் கீழே நிற்பதைவிட இது பரவாயில்லை என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம்.

அந்த வரியோடுதான் உங்கள் பெயர் அங்கே போகும். அதுவரை ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு எழுதுவேன். அவர்கள் சம்மதித்தால், அட்டையை ஒட்டும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாக வாசிப்பேன். அடுத்த மாதமும் போய், அதே சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

யாரையும் முழுதாக நம்பாமல் இருக்க உங்களிடமே பழகிய,
உங்கள் ஒரே மகள்