மாத்திரை போட்ட அலறல்

மார்ச் 4
டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். என் இதயம் நினைத்த நேரத்துக்குத் தாளம் தப்பித் தடதடவென்று ஓடுகிறதாம். இது அதைக் கட்டுக்குள் வைக்குமாம். “நீங்களா நிறுத்தக் கூடாது” என்று இரண்டு முறை சொன்னார். நான் என்ன குழந்தையா?

சினிமாவுக்கு அலறிக் கொடுத்துப் பிழைக்கிறவள் என்றேன். “தாராளமா அலறுங்க” என்றார்.

மார்ச் 9
நெஞ்சு கப்சிப். என் வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னாலிருந்து குதித்து “பே!” என்றார். “காபி வேணுமா?” என்று கேட்டேன். மனுஷர் முகம் சுண்டிவிட்டது.

மார்ச் 12
மானம் போயிற்று. பேய்ப் படத்துக்கு டப்பிங். திரையில் கதாநாயகி கதவைத் திறக்கிறாள், எதிரே பேய். அலறினேன்.

“அக்கா, பேயைப் பார்த்த மாதிரி இல்ல. பால்காரரப் பார்த்த மாதிரி இருக்கு” என்றார் டைரக்டர்.

திரும்பத் திரும்ப அலறியும் பால்காரர்தான் வந்தார். நாளை மறுநாளும் சரியாக வராவிட்டால் வேறு ஆளாம். எனக்கு, வேறு ஆள்!

மார்ச் 13
மாத்திரை போடவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாது.

மார்ச் 14
என்ன அலறல்! வாட்ச்மேன் கம்போடு ஓடி வந்தார். டைரக்டர் கைதட்டினார். அப்புறம்தான் — நெஞ்சு தடதடன்னு ஓடுது, நிக்கவே மாட்டேங்குது, கண்ணு இருட்டுது. மைக் ஸ்டாண்டைக் கட்டிப் பிடிச்சேன். அதுவும் என்னோட சேர்ந்து விழுந்துச்சு.

இப்ப ஆஸ்பத்திரி. இவர் திட்டவே இல்ல. பக்கத்துல உக்காந்து அழறார். திட்டித் தொலைச்சிருக்கலாம். ரொம்பப் பயந்துட்டேன்.

மார்ச் 15
“வேலை முக்கியமா, உயிர் முக்கியமா?” என்றார் டாக்டர்.
“ரெண்டும்தான்.”
முறைத்தார். மாத்திரையைத் தன் கண் முன்னால் விழுங்க வைத்தார்.

மார்ச் 21
ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன், விலகிக்கொள்ள. மைக் முன்னால் நின்றே சொன்னேன்: “இனிமே எனக்குப் பயம் வராது. வேற ஆளைப் பாத்துக்கோங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் தன் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, மயிர்க்கூச்செறியுது. பேய்க்கு இன்னும் குரல் கிடைக்கல. இதே மாதிரி, நிதானமா, ‘கதவைத் திற’ன்னு சொல்லுங்க.”

சொன்னேன்.

ஏப்ரல் 2
அலறுவதற்குப் புதுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். என் பேய்க் குரலைக் கேட்டு நன்றாகவே அலறுகிறாள். இடைவேளையில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

“அக்கா, பாத்ரூம் வரைக்கும் துணைக்கு வர்றீங்களா? தனியாப் போகப் பயமா இருக்கு.”

“யாரைப் பாத்துப் பயம்?”

“உங்களைத்தான்.”

கூடப் போனேன்.