அம்மா லாரி ஓட்டுகிறாள்

மே 12

என் பட்டுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீ, மாப்பிள்ளை, வயிற்றுப் பிள்ளை மூவரும் நலந்தானே?

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "சொல்லு" என்று ஒரு சொல், அப்புறம் சண்டை. கடிதம் குறுக்கே பேசாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்றுதானே நினைத்தாய்? லாரி ஓட்டும் பள்ளியில் சேர்ந்தேவிட்டேன். விடுதியில் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மைதானம், அதில் வரிசையாக லாரிகள். எங்கள் கூட்டத்தில் பெண் நான் ஒருத்தி, தலை நரைத்ததும் நான் ஒருத்தி. மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் அல்லவா, அதனால் எனக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீச்சருக்குத்தான் ஒன்றும் தெரியாது.

கிளட்ச் மட்டும் சீக்கிரம் பிடிபட்டது. தையல் மெஷினை மிதித்தே தேய்ந்த கால், அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைதான் மானத்தை வாங்குகிறது. சட்டென்று நிறுத்தச் சொன்னால் வலது கை தன்னால் நீண்டு மெஷின் சக்கரத்தைத் தேடுகிறது. நேற்று அப்படித் தேடி, ஜன்னல் கண்ணாடியை இறக்கும் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி அதுபாட்டுக்குப் போய் மைதான ஓரத்தில் எல்லைக்கு வைத்திருந்த டிரம்மை முட்டியது. "டீச்சர், கண்ணாடிய இறக்குனா வண்டி நிக்காது, காத்துதான் வரும்" என்றார் மாஸ்டர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானுந்தான்.

கோபப்படாதே கண்ணு. உன் பிரசவத்துக்கு வராமல் இருந்துவிடுவேனா?

முத்தங்களுடன்,
அம்மா


மே 25

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம்.

நீங்கள் தைத்துக்கொண்டிருந்த பேக்டரியை மூடிய அன்று, "இனிமே உங்கூடத்தான்டி இருக்கப் போறேன்" என்று யார் சொன்னது? அந்தப் பேச்சை நம்பித்தான் பின்னறையைக் காலி செய்தோம். அவர் தன் புத்தக அலமாரியைக் கூடத்துக்கு இழுத்து வந்தார். உங்களுக்குப் பிடிக்கும் என்று சுவருக்கு வெளிர்பச்சை அடித்தார். உங்கள் முழங்கால் வலிக்காக நான் கடை கடையாக அலைந்து தாழ்வான கட்டில் வாங்கினேன். லாரியில் ஏற அந்த முழங்கால் வலிக்கவில்லையோ?

மாமியார் அடிக்கடி கேட்கிறார், "உங்கம்மா எப்ப வராங்க?" என்று. வருவார்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வயதில் லாரி ஓட்டும்படி அவர்களுக்கு என்ன குறை என்று கேட்டால் நான் என்ன சொல்வது? நானே கேட்கிறேன், என்ன குறை? நான் போதாதா?

எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தையைத் தூக்கக்கூடத் தெரியாது. பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் இருந்தேன்.

இனிச் சொல்லிப் பயனில்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேனே, ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். நீங்களாவது இறங்கி வருவதாவது.

தங்கள் மகள்


ஜூலை 4

பட்டுக்குட்டி,

'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். பெண்ணுக்கு மரியாதை தெரிந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காதடி. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு அதுதான் காரணம்.

என்ன குறை என்று கேட்டாய். பேக்டரியில் என் மெஷினுக்கு நேர் எதிரே சுவர். ஜன்னல்கள் எல்லாம் தலைக்கு மேலே. முப்பது வருஷம் அந்தச் சுவரைப் பார்த்தே தைத்தேன். நான் தைத்த சட்டைகள் பெட்டி பெட்டியாக எங்கெங்கோ போயின, நான் எங்கேயும் போனதில்லை. அப்பா போன பிறகு உன் படிப்பு, உன் கல்யாணம். எல்லாம் ஆசையோடுதான் செய்தேன், அதில் குறையே இல்லை. ஆனால் கடைசி நாள் வாசலுக்கு வந்தபோது, மிச்சமிருந்த சரக்கை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வளைந்து திரும்பிப் போனது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. அழுகை வரவேண்டிய நேரத்தில் பொறாமை! உன்கூட இருப்பேன் என்று சொன்னதும் நிஜந்தான், இதுவும் நிஜந்தான். இரண்டில் இது கொஞ்சம் கூடுதல் நிஜமாகிவிட்டது.

இறங்கி வரமாட்டேன் என்கிறாய். இங்கே தினமும் இறங்குவதுதான் எனக்குப் பாடம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சந்தேகம் வந்தால் கண்ணாடியை நம்பாதே, இறங்கிப் பார் என்பார் மாஸ்டர். நான் இறங்கி, பார்த்து, ஏறி, மறுபடி இறங்குவேன். "டீச்சர் கோயில சுத்துற மாதிரி லாரிய சுத்துறாங்க" என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் இரண்டு பேர் தேர்வில் கம்பத்தைச் சாய்த்துவிட்டார்கள். நான் பாஸ்! லைசன்ஸ் வந்துவிட்டது, டைல்ஸ் ஏற்றும் கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டது.

உன் விஷயத்திலும் இறங்கித்தான் பார்த்தேன். அந்தப் பச்சை அறையிலேயே தங்கிவிட என்னால் ஆகாது பட்டு. தங்கினால் ஒரு நாள் உன்மேல் எரிந்து விழுவேன், உன்னால்தான் என்பேன். அப்படி ஒரு அம்மா உனக்கு வேண்டாம். ஆனால் டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுவேன். ஒரு மாதம் லீவு தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலையில் சேர்ந்தேன். குழந்தையைத் தூக்க யாருக்கும் தெரியாது. தூக்கத் தூக்க வரும்.

முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. "அம்மாடி" என்று சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறேன்.

உன் பதிலுக்கு ஏங்கும்,
அம்மா


ஆகஸ்ட் 11

அம்மா,

பெண் குழந்தை. போனில் அவர் சொல்லியிருப்பார், ஆனாலும் உனக்கு என் கையால் எழுத வேண்டும் போலிருந்தது. கம்பெனி முகவரிக்கு அனுப்புகிறேன், நீ சரக்கு இறக்கித் திரும்பியதும் கிடைக்கும்.

டாக்டர் சொன்ன தேதியை அவள் மதிக்கவே இல்லை. முன்னாடியே கிளம்பி வந்துவிட்டாள். யாருடைய பேத்தி! நீ பாதி வழியில் இருக்கிறாய், டைல்ஸை நடுரோட்டில் விட்டுவிட்டு வர முடியாது என்று அவர் சொன்னார். "உங்கம்மா போன்ல அழுதாங்க" என்றார். நீ அழுது நான் கேட்டதே இல்லை.

வலி முற்றியபோது "அம்மா, அம்மா" என்று கத்தினேன். "அம்மா வெளிய இருக்காங்களா? கூப்பிடவா?" என்று நர்ஸ் கேட்டார். "இல்ல, அம்மா லாரி ஓட்டுறாங்க" என்றேன். வலியில் உளறுகிறேன் என்று நினைத்து, "சரிம்மா, சரிம்மா" என்று என் நெற்றியைத் தடவினார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! "நெஜமாத்தான் சொல்றேன்! பெரிய லாரி! டைல்ஸ் ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க!" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேன். டாக்டர் சிரித்துவிட்டார். அடுத்த கத்தலில் இவள் வந்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்ற மாமியாரும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இப்போது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர்தான் முந்திக்கொண்டு சொல்கிறார், என்னவோ சம்பந்தி விமானம் ஓட்டுகிற மாதிரி.

ஆனாலும் அம்மா, நீ இல்லாதது இல்லாததுதான். அவளைக் கையில் வாங்கியதும் நான் கதவைத்தான் பார்த்தேன். வருத்தம் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். நீ வந்து சமாதானம் சொல்ல வேண்டாம், அது தன்னால் போகட்டும்.

பின்னறையை அவளுக்குக் கொடுத்துவிட்டோம். உன் கட்டிலில் உட்கார்ந்துதான் பால் கொடுக்கிறேன், தாழ்வாக இருப்பது சௌகரியமாகத்தான் இருக்கிறது. நீ வந்தால் அவளோடு அங்கே படுத்துக்கொள். மூக்கு உன் மூக்கு. பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் செய். வந்து செருப்பைக் கழற்றும்போதே, என்றைக்குத் திரும்பிப் போகிறாய் என்று சொல்லிவிடு. சொல்லாவிட்டால், இங்கேயே இருந்துவிடுவாய் என்று நான் மறுபடியும் நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

உன்,
பட்டு