வாசகசாலைச் சுவர்

ஆகஸ்ட் 9, வெள்ளி.

எங்கள் குன்னூர் வாசகசாலையை இடித்துவிடச் சொல்லி இன்ஜினியர் எழுதிவிட்டார். மலைச்சரிவில் இருப்பதால் அதே இடத்தில் மறுபடி கட்ட அனுமதியும் கிடைக்காதாம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், இதோடு போயிற்று.

மூன்று வருஷம் முன்பு சுவர் பொரிந்தபோது, செயலாளர் என்ற மிதப்பில் சிமெண்ட் பூசச் சொன்னவன் நான். மேஸ்திரி ராயப்பன் அன்றைக்கே தடுத்தார். "வேண்டாமுங்க, இது சுண்ணாம்புச் செவுரு. மேல சிமெண்ட் பூசுனா ஈரம் வெளிய போகாதுங்க. உள்ளயே நின்னு அரிச்சுப்போடும்." நான் கேட்கவில்லை. இந்த ஊர் மழைக்குச் சுண்ணாம்பு எந்த மூலைக்கு என்று அதட்டினேன்.

இன்று காலை மழையில் இன்ஜினியர் வெளிச்சுவரின் சிமெண்டைத் தட்டிப் பெயர்த்தார். உள்ளே செங்கல், ஊறிய ரொட்டி மாதிரி விரலோடு வந்தது.

"எந்த முட்டாள் இதைப் பூசினது?" என்று கேட்டார்.

கூட வந்திருந்த ராயப்பன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாந்தானுங்க" என்றார்.

நான் இன்ஜினியருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.