கஸ்தூரியின் டீக்குப் பதம்

ஐப்பசி 10, ஞாயிறு. காலையிலிருந்து தூறல்.

முனுசாமி கடையில் இரண்டு டீ குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, ஒரு ஏலக்காயையும் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். குடிகாரன்கூட இவ்வளவு ஜாக்கிரதையாக வரமாட்டான். என் பெண்டாட்டி கஸ்தூரி கட்டிலில் படுத்தபடியே மோந்து பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாட்டிக்கொண்டேன்.

வாதம் அடித்து இன்றோடு இருபத்திரண்டு நாள். வலது கை, வலது கால், பாதி வாய் போச்சு. பேச்சு 'ம்' மட்டும். தண்ணீரோ டீயோ, விழுங்கினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாமாம். நாளுக்கு ஆறு டீ குடித்தவள். மூக்கில் குழாய் போட்டார்கள். இரண்டு தடவை இடது கையாலேயே பிடுங்கிப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் விழுங்கப் பழக்கும் மேடம் சொன்னது:

குடிப்பது எல்லாம் தேன் பதத்தில்.
அவர்கள் கொடுத்த டப்பா பவுடரைக் கலக்க வேண்டும்.
நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில்.
இருமினால் நிறுத்து. நோட்டில் எழுது.

வெள்ளிக்கிழமை பார்ப்பார்களாம். ஒழுங்காக விழுங்கினால் குழாய் வேண்டாம். இல்லையென்றால் மறுபடி குழாய்.

அந்த நோட்டுதான் இது. முன்பக்கம் மேடத்துக்கு. பின்பக்கம் எனக்கு.

ஐப்பசி 11, திங்கள். வெயில்.

டப்பா பவுடர் போட்டு டீ. நானும் ஒரு வாய் பார்த்தேன். போஸ்டர் ஒட்டும் பசையில் சர்க்கரை போட்ட மாதிரி. கஸ்தூரி துப்பினாள். என் பனியன் மேல்.

"இன்னாடி மகாராணி, நான் இன்னா சுவரா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். இல்லை. அப்புறம் நாள் முழுக்க எதைக் கொடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாக்கு காய்ந்து தோல் மாதிரி கிடக்கிறது.

களம்பூரிலிருந்து மகள் போன்.

"நைனா, அம்மா இன்னா குடிச்சிது?"

"என் உசுரத்தான் குடிச்சிகினு கீது."

"வெளாடாத நைனா."

அதுவும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம்.

சாயந்தரம் தறியில் உட்கார்ந்தேன், இரண்டு விரல்கடைகூட ஓடவில்லை. அப்போதுதான் தோன்றியது. தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்கு விறைப்பு வர அரிசிக் கஞ்சி காய்ச்சிப் போடுகிற வீடு இது. நூல் மேல் ஏறணும், ஒழுகக் கூடாது. பதம் பார்க்க நமக்கு டப்பாவா வேண்டும்?

ஐப்பசி 12, செவ்வாய். மூட்டம்.

முதல் டீ: கொதிக்கிற டீயில் அரிசி மாவைக் கொட்டினேன். கட்டி கட்டியாகப் போனது. பக்கத்து வீட்டு சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, டீயா களியா? தட்டுல போடு, கருவாட்டுக் கொழம்பு எடுத்தாரேன்."

"ஒனக்கும் ஒரு உருண்ட வெச்சிருக்கேன், இரு."

இரண்டாவது: பச்சைப் பாலில் மாவைக் கரைத்து ஊற்றினேன். கட்டி இல்லை. டீயும் இல்லை. ருசியை மாவு தின்றுவிட்டது.

மூன்றாவது: டீத்தூள் இரட்டிப்பு. தனியாகக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, மாவு கரைத்த பாலைச் சின்னத் தீயில் கிண்டிச் சேர்த்தேன். இஞ்சி கிடையாது, காரத்தில் இருமல் வரும். வாசனை வந்தது. டம்ளரோடு போனேன். கஸ்தூரி இடது கையை நீட்டினாள். குடிக்க இல்லை. விரலை உள்ளே விட்டு, தூக்கி, சொட்டு எப்படி இறங்குகிறது என்று பார்த்தாள். பாவுக் கஞ்சிக்கு எப்போதும் அவள் விரல்தான். என் விரலை அவள் நம்பினதே இல்லை.

தலையை ஆட்டினாள். வேண்டாம்.

எனக்கு அப்புறம்தான் உறைத்தது. சூட்டில் பதமாக இருந்தால் ஆறினதும் களி. கஞ்சியை ஆறவிட்டுத்தானே பார்ப்போம்! மாவைக் குறைத்து நான்காவது. ஆறவைத்து நீட்டினேன். விரல். சொட்டு. "ம்."

பதினாறு ஸ்பூன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பாதி வாயில் சிரிப்பு மாதிரி ஒன்று. கடைசி நாலு ஸ்பூனில் இருமல். ஜல்தியாகக் கொடுத்துவிட்டேன் போல. சாயந்தரம் இன்னொரு டம்ளர். அதிலும் கடைசியில் இருமல்.

ஐப்பசி 13, புதன். வெயில், புழுக்கம்.

காலையிலும் மத்தியானமும் அதே கதை. முதல் பாதி ஜம்மென்று போகிறது, கடைசியில் கண் பிதுங்க இருமுகிறாள். மேடத்துக்குப் போன் போடவில்லை. பவுடர் என்னாச்சு என்று கேட்பார்கள்.

டம்ளரைக் கழுவப்போனேன். மிச்ச டீ தண்ணீராகக் கிடந்தது. பாத்திரத்தில் இருப்பது தேன் மாதிரியேதான் இருக்கிறது. சரோஜாவிடம் காட்டினேன்.

"எச்சி பட்டுதுல்லண்ணே. வாயில வெச்ச ஸ்பூன மறுபடி மறுபடி உள்ள வுட்டுகினு இருந்தியா? நக்கி வெச்ச கூழு நீத்துப்பூடாதா?"

ஆமாம். எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்து என்ன பிரயோஜனம். நாலு வேளையும் கடைசி ஸ்பூன்கள் வெறும் தண்ணீர்.

சரோஜா வீட்டிலிருந்து பத்து ஸ்பூன் வாங்கிவந்தேன், எங்களிடம் ஆறு. வாய்க்கு ஒரு ஸ்பூன். துண்டு விரித்து வரிசையாக அடுக்கினேன்.

"மாப்ள வூட்டுக்காரங்க வர்றதுக்குள்ள நீ சாப்ட்டு எழுந்துருடி."

சிரித்துவிட்டாள். டவுன் பஸ் பிரேக் போட்ட மாதிரி ஒரு சத்தம். சிரிப்புதான்.

பதினாறு வாய். இருமல் இல்லை. முன்பக்கத்தில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஐப்பசி 14, வியாழன். மழை.

கஸ்தூரிக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. மூச்சில் கொரகொர. டீயை நீட்டினேன், விரலைக்கூட விடவில்லை.

"பேஜாரா கீதுண்ணே. நாளைக்கின்னு குந்திகினு இருக்காத. இன்னிக்கே இட்டுகினு போ." சரோஜாவே ஆட்டோ கூப்பிட்டாள்.

ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டேன். ஒருவேளை கேட்டால்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அவள் டீ கேட்கவில்லை.

ஐப்பசி 15, வெள்ளி. ஆஸ்பத்திரி. மழை விட்டது.

வலது நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது. உள்ளே போகக் கூடாதது போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மருந்து ஏறுகிறது.

மேடம் வந்து நோட்டின் முன்பக்கத்தைப் பார்த்தார்கள்.

"டப்பா பவுடர்தானே சார் போட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து, "ஆமா."

தெளிவாக. இருபத்தேழு நாளில் முதல் வார்த்தை. மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, பேசறாங்களே!" என்று ஃபைலில் எழுதினார்கள். கஸ்தூரி என்னை முறைத்தாள், வாயைத் திறந்தால் பார் என்று. முப்பது வருஷத்தில் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

திறந்தேன். அரிசி மாவு, ஸ்பூன், எல்லாம் சொன்னேன். மேடம் பேனாவை மூடினார்கள்.

"எச்சில் பட்டா மாவு நீர்த்துடும் சார். இந்தப் பவுடர் நீர்க்காது. அதுக்குத்தானே குடுத்தோம்?"

"தெரியும் மேடம். புதன்கிழமையிலேர்ந்து தெரியும்."

பதினொரு மணிக்குக் குழாய் போட்டார்கள். பிடுங்காமல் இருக்க இடது கையை நான்தான் பிடித்துக்கொண்டேன். பிடுங்கப் பார்க்கவில்லை. ஒரு மாதமாவது இருக்கணுமாம். டீயையும் குழாயிலேயே விடலாமாம். ருசி தெரியாது.

நேற்று ஆட்டோவில் ஃபிளாஸ்க் மூடி கழன்று, பையிலிருந்த மாற்றுச் சட்டை முழுக்க டீ. பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டிருந்தேன். இப்போது எடுத்தால் கஞ்சி போட்டுப் பலகை மாதிரி இருக்கிறது. போட்டிருந்தது நேற்று மழையில் நனைந்து நாறுகிறது, வேறு சட்டை இல்லை. போட்டுக்கொண்டேன். சட்டைக் கை மடங்கவில்லை. ஆஸ்பத்திரி பேப்பரில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள், அப்படியே போனேன்.